மாடி அறையின் வெள்ளை பிளேட்

அத்தியாயம் 14

கவரைப்பேட்டையிலிருந்து பொன்னேரிக்கு வண்டியில் இருபது நிமிஷம். மணவாளன் அன்று அதை முக்கால் மணி நேரமாக இழுத்தார்.

வழியில் ஒரு டீ குடித்தார். அது சரியில்லை என்று அடுத்த கடையில் இன்னொரு டீ குடித்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. எப்போது திறப்பான் என்று எல்லோரும் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, இன்னும் கொஞ்ச நேரம் மூடியே கிடக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட ஆள் அந்த வரிசையில் அவர் ஒருவர்தான்.

கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் போகிற அப்பன் இப்படியா போவான்? போவான். செய்து வைத்திருக்கிற காரியம் அப்படி.

மணவாளனுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒயரிங் வேலை. தேர்வாய் கண்டிகையில் கம்பெனிகள் வந்து, சம்பளக்காரர்கள் சுற்றுவட்டாரத்தில் வீடு கட்ட ஆரம்பித்த பிறகு லைட்டும் ஃபேனும் மட்டும் போதவில்லை. இன்டர்நெட்டுக்கு ஒரு ஜாக், டிவிக்கு ஒரு ஜாக், ஸ்பீக்கருக்கு ஒரு ஜாக் என்று கேட்டார்கள். ஒயர் எல்லாம் சுவருக்குள்ளேயே ஓட வேண்டும், வெளியே வெள்ளை பிளேட் மட்டும் தெரிய வேண்டும். அந்த வேலையை இந்தப் பக்கத்தில் முதலில் கற்றுக்கொண்டவர் மணவாளன்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்று நாம் சொல்கிறோம். அவர் மனைவி தமிழ்செல்வியைக் கேட்டால் வேறு அளவு சொல்லுவாள்.

மகள் பூமிகாவுக்குப் பொன்னேரிப் பக்கத்தில் வரன் அமைந்தபோது, மாப்பிள்ளையின் அப்பா வீரராகவன் சபை நடுவே சொன்ன வார்த்தையை இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

"ஃப்ரிட்ஜும் வேணாம், கட்டிலும் வேணாம். நான் புது ஊடு கட்டிக்கினு கீறேன். அதுக்கு நீங்க ஒயரிங் செஞ்சி குடுங்க சம்பந்தி. உங்க கைவேலைதான் எங்களுக்கு சீரு."

அன்று மணவாளனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீடு முழுக்க எட்டு இடத்தில் ஜாக் பாயின்ட் வைப்பதாக வாக்குக் கொடுத்தார். எட்டில் ஏழு பாயின்ட்டை, பார்க்கிறவர்கள் அசந்துபோகிற மாதிரிதான் செய்தார். எட்டாவது, கல்யாணத்துக்குப் பிறகு பூமிகாவும் மாப்பிள்ளையும் இருக்கப்போகும் மாடி அறை.

அந்த அறையில் கொத்தனார் தாவீது கலவையோடு நின்று, "அண்ணே, இங்க பைப் பதிச்சாச்சா? பூசட்டுமா?" என்று கேட்டபோது மணவாளன் போனில் இருந்தார். ஆரம்பாக்கத்துச் சகலையிடம், சம்பந்தி ஃப்ரிட்ஜ் வேண்டாம் என்று சொன்ன கதையை நாலாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமல் கையை மட்டும் ஆட்டினார்.

"பூசு, பூசு."

சாயந்திரம் போய்ப் பார்த்தால் சுவர் வழவழவென்று இருந்தது. உள்ளே பைப்பும் இல்லை, ஒயரும் இல்லை.

பூச்சு இன்னும் காயவில்லை. அப்போதே தாவீதைக் கூப்பிட்டு உடைத்திருந்தால் அரை நாள் வேலை. ஆனால் அந்த நேரம் பார்த்து வீரராகவன் உறவுக்காரர்கள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறி வந்தார். "பாத்துக்கோங்க, எட்டு பாயின்ட்டு! எங்க சம்பந்தி கை!" என்று மணவாளன் தோளில் தட்டினார். 'மறந்துட்டேன்' என்று ஒரு வார்த்தை. அது மணவாளன் வாயில் வரவில்லை.

கூட்டம் போனதும் சுவரில் ஒரு பாக்ஸ் அளவுக்குப் பள்ளம் வெட்டினார். பாக்ஸைப் பதித்தார். மேலே ஜாக் வைத்து, வெள்ளை பிளேட்டை மாட்டினார். கீழே ஹாலில் எல்லா ஒயரும் வந்து சேரும் பெட்டியில் 'மாடி ரூம்' என்று சீட்டு ஒட்டி இன்னொரு ஜாக். யாராவது எட்டிப் பார்த்தால் தெரியட்டும் என்று அதன் பின்னால் சாண் நீளத்துக்கு ஒயர் வேறு சொருகினார். அடுத்த வாரம் வந்து சரி செய்துவிடலாம் என்றுதான் நினைத்தார். அடுத்த வாரம் பெயின்ட்காரர் வந்தார். அதற்கடுத்த வாரம் கிரகப்பிரவேசம். பிறகு கல்யாணம். இப்போது ஐப்பசி.

நேற்று சாயந்திரம்தான் பூமிகா போன் செய்திருந்தாள்.

"நைனா, மேல் ரூம் பாயின்ட்டு வேலை செய்யலை. காலையில சீக்கிரம் வந்துடுறியா? எனக்கு நாளைக்கு மத்தியானம் ரெண்டரைக்கு வேலைக்கு டெஸ்ட்டு. ஒயர் கனெக்‌ஷன்தான் வேணும், வைஃபை ஒத்துக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க."

வீட்டிலிருந்தே செய்கிற வேலை. அதனால்தான் மாமியார் பூவம்மாள் சரி என்றிருந்தாள். வெளியே போகிற வேலை என்றால் பேச்சே கிடையாது. பூமிகா மூன்று மாதம் கெஞ்சி வாங்கிய அனுமதி அது.

"பாக்குறேன்மா. காலையில ஒரு வேலை கீது," என்று மணவாளன் இழுத்தார். அந்த இழுப்பு செய்த வேலை என்னவென்று, பொன்னேரி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது தெரிந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது. அதில் இன்டர்நெட் கம்பெனியின் பெயர் எழுதிய பை தொங்கியது.



"வாங்க சம்பந்தி! நீங்க வேலையா கீறீங்கன்னு பூமிகா பாப்பா சொல்லிச்சி. அதான் நானே இவங்களுக்கு போன் போட்டேன்," என்று வீரராகவன் வரவேற்றார். வயலிலிருந்து நேரே வந்திருந்தார். கணுக்காலில் சேறு காயவில்லை.

ஹாலில் ஜெபா என்கிற அந்த இளைஞன் கையில் டெஸ்டரோடு நின்றான். ஒரு துண்டைக் கீழே பெட்டியிலும் இன்னொரு துண்டை மாடி ஜாக்கிலும் சொருகினால், ஒயர் நன்றாக இருக்கும் பட்சத்தில் எட்டு பச்சை விளக்கு ஒன்றன் பின் ஒன்றாக எரிய வேண்டும். ஒன்றுகூட எரியவில்லை.

"நடுவுல எங்கியோ ஒயரு கட் ஆயிருக்குது சார்," என்றான் ஜெபா. "பிளேட்டைத் தொறந்து பாத்தா தெரிஞ்சிடும். ஐயாதான் தொறக்க உட மாட்டேன்றாரு."

"எப்பிடி உடுவேன்? எங்க சம்பந்தி கைபட்ட எடம். இன்னொருத்தன் ஸ்க்ரூ டிரைவர் வெச்சா அவருக்கு மரியாதையா? அவரே வந்து தொறக்கட்டும்னு சொல்லிட்டேன்."

மணவாளன் அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தார். அடக்கம் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அப்போது சமையலறையிலிருந்து பூவம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நான்தான் காலையிலேர்ந்து சொல்லிக்கினே கீறேனே. வைகாசியில கல்யாண போட்டோ மாட்டுறேன்னு இவ அந்தச் சுவத்துல டொக்கு டொக்குனு ஆணி அடிச்சா. அந்த ஆணிதான் ஒயரைக் குத்திக்கிச்சி. வேற இன்னாவா இருக்கும்?"

பூமிகா மாடிப்படிக்குக் கீழே நின்றிருந்தாள்.

வீரராகவன் திரும்பினார். "ஆணி பட்டா கட்டாவுமா சம்பந்தி?"

இந்த இடத்தில் மணவாளன் சொல்லியிருக்க வேண்டியது என்னவென்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் எட்டு மாதமாக மாட்டிக்கொள்வோம் மாட்டிக்கொள்வோம் என்று பயந்துகொண்டிருந்தவர் முன்னால் யாரோ ஒரு கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். கால் தானாக அந்தப் பக்கம் போய்விட்டது.

"ஆவும்," என்றார். "மெல்லிசு ஒயரு. ஆணி பட்டிருக்கும்."

பூமிகா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஒரே பார்வை. உடனே தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் தப்புதான் அத்தை," என்றாள்.

"தப்புன்னா? உங்கப்பன் உனக்கு சீரா செஞ்ச வேலைடி இது! அடுத்தவன் ஊட்டு சுவராட்டம் ஆணி அடிப்பியா? போட்டோவ மாட்டி யாரு பாக்கப்போறா? இதுல வேலைக்கு வேற போறாளாம் வேலைக்கு! ஊட்டுல கீற பொருளையே பாத்துக்கத் தெரியல, கம்பெனி வேலைய பாக்கப்போறா!"

பூவம்மாள் கெட்டவள் இல்லை. புது வீட்டின் மேல் அவளுக்கு அத்தனை ஆசை. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால்கூட மூன்று தரம் துடைக்கிறவள். அந்த ஆசையெல்லாம் சேர்ந்து மருமகள் தலையில் இறங்கியது. ஜெபா தன் பையை மூடிக்கொண்டு, "நான் வரேன் சார்" என்று நழுவினான். வெளியாள் போனதும் பூவம்மாளுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

மணவாளன் ஒயர் சுருளைப் பிரிப்பதுபோல் குனிந்துகொண்டிருந்தார். மகள் வாங்குகிற ஒவ்வொரு வார்த்தையும் அவர் காதில் விழுந்தது. ஒன்றைக்கூட அவர் தடுக்கவில்லை. தனக்குத் தானே இப்படிக் கூசிப்போன ஒரு காலை அவர் வாழ்க்கையில் அதற்கு முன்னால் இல்லை.

"போதும் பூவு, உடு," என்று கடைசியில் வீரராகவன்தான் அடக்கினார். "டெஸ்ட்டுக்கு இன்னா வழி சம்பந்தி?"

"இப்போதைக்கு வெளியிலயே ஒரு ஒயர் இழுத்துடறேன். படிக்கட்டு ஓரமா."

இழுத்தார். ஹால் பெட்டியிலிருந்து ஆரம்பித்து, படிக்கட்டுக் கைப்பிடி ஓரமாகக் கிளிப் அடித்து, அறை வாசலுக்குமேல் ஏற்றி, பூமிகாவின் மேசைவரை கொண்டுபோனார். வழவழப்பான கிரீம் கலர் சுவரில் அந்தச் சாம்பல் ஒயர் பார்க்கவே அசிங்கமாக இருந்தது. வீட்டில் இருந்த காலத்தில் பூமிகா ஒயரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவரோடு வாய் ஓயாமல் பேசுவாள். எட்டு கலர் ஒயரை எந்த வரிசையில் வைக்க வேண்டும் என்று பத்தாவது படிக்கும்போதே மனப்பாடமாகச் சொல்லுவாள். இன்று அவள் கீழே மாமியாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்து கை கழுவும்போது வீரராகவன் சொன்னார்:

"சம்பந்தி, இந்த வெளி ஒயரு இன்னிக்கு ஒரு நாளைக்குதான். தாவீதுக்கு போன் போட்டுட்டேன். நாலு மணிக்கு வர்றான். ஆணி அடிச்ச எடத்துல சுவத்தை ஒடைச்சி, உள்ள புது ஒயரு போட்டுடுங்க. உங்க வேலை இப்பிடி வெளியில தொங்குறதை நாலு பேரு பாத்தா எனக்குதான் அசிங்கம்."

மணவாளன் கையிலிருந்த சொம்பு சாய்ந்து வேட்டி நனைந்தது.

நாலு மணிக்கு அந்தச் சுவர் உடையும். உடைத்தால் செங்கல்தான் இருக்கும். 'பூசு பூசு' என்று கையை ஆட்டிய கதையைத் தாவீதே சொல்லிவிடுவான்.

ஒன்றே முக்காலுக்கு அவர் மாடி ஏறினார். ஒயர் முனையைச் சரிபார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டுதான். உண்மையில் அந்தப் பிளேட்டை ஒரு தரம் பார்க்க வேண்டும் போல் இருந்தது. பூமிகா லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அழுத முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டு, கம்பெனிக்காரர்கள் பார்க்கப்போகிற முகமாக மாற்றியிருந்தாள்.

அவர் கட்டில் ஓரமாகக் குனிந்து பிளேட்டின் மேல் மூடியை நெம்பி எடுத்தார். உள்ளே சட்டத்தைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூ தெரிந்தது.

அவர் கை அப்படியே நின்றது.

மணவாளனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பிளேட்டை மாட்டினாலும், ஸ்க்ரூ தலையில் இருக்கும் வெட்டு இரண்டும் மேலும் கீழுமாக நேர்கோட்டில் நிற்கிற மாதிரி முடிப்பார். மூடிக்குள் இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று தமிழ்செல்வி சிரிப்பாள். ஆனாலும் விட மாட்டார். முப்பது வருஷமாக அதுதான் அவர் கையெழுத்து.

இங்கே ஒரு வெட்டு குறுக்கே கிடந்தது. இன்னொன்று சாய்ந்திருந்தது.

"பூமிகா."

"இன்னா நைனா?"

"இதை யாரு தொறந்தது?"

விசைப்பலகையில் இருந்த அவள் விரல் நின்றது. திரும்பாமலே சொன்னாள்.

"நான்தான். ஆவணியில."

வெளியே தெருவில் தேங்காய் விற்கிறவர் கத்திக்கொண்டு போனார். 

"வேலைக்கு மனு போடலாம்னு அன்னிக்கு லேப்டாப்பை சொருகிப் பாத்தேன். வரல. ஒயரு கழண்டிருக்கும், நானே சரி பண்ணிடலாம்னு தொறந்தேன். உள்ள ஒண்ணுமே இல்ல. பாக்ஸ் சுவத்துல டார்ச் அடிச்சிக்கூட பாத்தேன். பைப் வர்ற ஓட்டையே கிடையாது. மூடி வெச்சிட்டேன்."

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாது. எம் புருஷங்கிட்ட இதுவரைக்கும் நான் மறைச்சது இது ஒண்ணுதான்."

மணவாளன் கட்டிலில் உட்கார்ந்தார். 

"அப்போ கீழ... ஆணின்னு அவங்க சொன்னப்ப..."

"அத்தை சொன்னதுல எனக்கு வருத்தமே இல்ல நைனா." இப்போதுதான் அவள் திரும்பினாள். "அவங்களுக்கு இன்னா தெரியும்? நேத்து உனக்கு போன் பண்ணதே, யாரும் பாக்கறதுக்கு முன்ன நீ வந்து ஏதாவது செஞ்சிடுவேன்னுதான். நீ வரல. சரி, கூச்சப்படுறேன்னு நெனச்சேன். இன்னிக்கு மாமா உங்கிட்ட கேட்டாரு இல்ல, ஆணி பட்டா கட்டாவுமான்னு? அப்ப உன்னைதான் பாத்துக்கினு நின்னேன். எங்க நைனா இல்லன்னு சொல்லிடுவாருன்னு நெனச்சேன்."

அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

 மணவாளன் இத்தனை மாதமும் சம்பந்தி முகத்துக்குப் பயந்தார், ஊருக்குப் பயந்தார். இந்த ஒரு முகத்தை நினைத்து ஒரு நாளும் பயந்ததில்லை.

"நான் போய் சொல்லிடறேன்மா," என்று எழுந்தார்.

"சொல்லு. ஆனா நான் தொறந்து பாத்ததை மட்டும் சொல்லாத. இத்தனை நாளா தெரிஞ்சிக்கினு சும்மா இருந்தியான்னு கேட்டா எங்கிட்ட பதில் இல்ல. எம் புருஷங்கிட்ட நானே பக்குவமா சொல்லிக்கிறேன்."

"சரி," என்றார்.

இரண்டரைக்கு மாடிக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளிருந்து, "குட் ஆஃப்டர்நூன் மேம்" என்று பூமிகாவின் குரல் கேட்டது. மணவாளன் படியிறங்கினார்.

ஹாலில் வீரராகவன் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பூவம்மாள் பூ கட்டிக்கொண்டிருந்தாள். மணவாளன் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். முன்னுரை வைத்தால் தைரியம் போய்விடும் என்று நேரே விஷயத்துக்கு வந்தார்.

"தாவீதை வர வேணாம்னு சொல்லிடுங்க. அந்தச் சுவத்துல ஒயரே கிடையாது. நான் போடவே இல்ல."

வீரராகவனுக்குப் புரியவில்லை. "ஆணி பட்டு..."

"ஆணியெல்லாம் இல்ல. பூசும்போது நான் மறந்துட்டேன். அப்புறம் சொல்ல வெட்கப்பட்டுக்கினு சும்மா பிளேட்டை மட்டும் மாட்டிட்டேன். காலையில ஆணின்னு சொன்னது பொய்."

பேப்பர் மெல்ல மடிந்து டீப்பாய் மேல் விழுந்தது. சுவரில் இருந்த ஸ்பீக்கர் ஜாக் வழியாக ஏதோ பக்திப் பாட்டு மெலிதாக ஓடிக்கொண்டிருந்தது. தினமும் விடிகாலையில் வீரராகவன் அதைத்தான் முதலில் போடுவார். வருகிற போகிறவர்களிடம், பாட்டு எங்கிருந்து வருகிறது கண்டுபிடி என்று கேட்டுச் சிரிப்பார்.

அவர் எழுந்துபோய்ப் பாட்டை அணைத்தார்.

"ஏங்கண்ணா," என்றாள் பூவம்மாள். கையிலிருந்த நார் நழுவிவிட்டது. "காலையில அந்தப் பொண்ணை வாய்க்கு வந்தபடி பேசினேனே. நீங்க பக்கத்துலதானே நின்னுக்கினு இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? என்னைப் பாவியாக்கிட்டீங்களே."

 மணவாளன் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீரராகவன் தாவீதுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றார். போனைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு, சத்தம் போடாமல் கேட்டார்:

"பூமிகாவுக்கு இது தெரியுமா?"

மாடியிலிருந்து அவள் குரல் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

"தெரியாது," என்றார் மணவாளன்.

உண்மையைச் சொல்லி முழுதாகப் பத்து நிமிஷம் ஆகவில்லை. அதற்குள் புதிதாக ஒரு பொய். ஆனால் இதை மகளுக்காகச் சொல்கிறோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

வீரராகவன் தலையை ஆட்டினார். "சரி. மத்த ஏழு பிளேட்டையும் தொறந்து காட்டுங்க மணவாளன்."

சம்பந்தி என்று சொல்லவில்லை. நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து அவர் பெயர் வருவது இதுதான் முதல் தரம். திட்டியிருந்தால்கூட இவ்வளவு தைத்திருக்காது.

திறந்தார். ஹாலில் டிவி பாயின்ட், உள்ளே ஒயர் இருந்தது. இரண்டு ஸ்பீக்கர் பாயின்ட், இருந்தது. பெரியவர்கள் அறையில் இரண்டு, சாமி அறையில் ஒன்று, வாசல் கேமராவுக்கு ஒன்று. ஒவ்வொன்றாக மூடியை நெம்பி, ஸ்க்ரூவைக் கழற்றி, ஜாக்கை வெளியே இழுத்துக் காட்டினார். வீரராகவன் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தார். எல்லாம் ஒழுங்கான வேலை. ஒயரைக் கட்டிய கட்டுக்கூட அழகாக இருந்தது. ஏழும் சரியாக இருந்ததில் மணவாளனுக்கு ஒரு துளி பெருமையும் வரவில்லை. திருட்டுச் சந்தேகத்தில் பையைத் திறந்து காட்டிவிட்டுக் கடையிலிருந்து வெளியே போகிறவன் மாதிரி வியர்த்துப்போயிருந்தார்.

கடைசிப் பிளேட்டில் இருக்கும்போது வாசலில் தணிகைவேலின் வண்டிச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை தேர்வாய் கண்டிகையில் முதல் ஷிஃப்ட் முடித்து வருகிற நேரம்.

"இன்னாப்பா இது, ஊடு பூரா தொறந்து கெடக்குது? மாமா, எப்ப வந்தீங்க?"

வீரராகவன்தான் சொன்னார். கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். தணிகைவேல் மாமனாரைப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்து மணவாளன் தலையைக் குனிந்தார். தணிகைவேல் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"உடுங்க மாமா. எங்க கம்பெனியில ஒரு லைன் பூரா ஒயர் மாத்திப் போட்டு ரெண்டு நாள் மிஷின் ஓடல. தப்பு எல்லாருக்கும் வர்றதுதான்."

அந்தப் பரிவைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. மணவாளன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு," என்று தணிகைவேல் கீழே கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து உருட்டிக்கொண்டே சொன்னான், "இத்தனை நாளா அதை ஒருத்தரும் தொறந்து பாக்கலையா?"

"நான் யாரைத் தொட உட்டேன்?" என்றார் வீரராகவன்.

"இல்லப்பா, ஆவணியில பூமிகா எங்கிட்ட..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். ஏதோ ஞாபகத்தைத் தேடுகிறவன் மாதிரி புருவத்தைச் சுருக்கினான். "நைட் ஷிஃப்ட் முடிச்சி தூங்கிக்கினு இருந்தேன். ஸ்க்ரூ டிரைவர் எங்க கீதுன்னு கேட்டா. எதுக்குன்னதுக்கு, அலமாரி கதவு லூசா கீதுன்னா."



"மேல் ரூம் அலமாரிக்கு இன்னும் கதவே போடலையே," என்றாள் பூவம்மாள் மெதுவாக. வீடு முழுக்க அவளுக்குத் தெரியாத இடம் கிடையாது.

வீரராகவன் மணவாளனைத் திரும்பிப் பார்த்தார். தெரியாது என்று சொன்னவரைப் பார்த்த பார்வை அது. மணவாளனுக்கு அந்த நிமிஷம் பூமி பிளந்து வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது. தன் தப்பைச் சொல்லித் தீர்த்தாயிற்று. இப்போது அது மகள் பெயரில் ஏறி நின்றது, அதுவும் அவள் வீட்டுக்காரன் முன்னால், அவர் சொன்ன இரண்டாவது பொய்யோடு சேர்ந்து.

மாடிக் கதவு படாரென்று திறந்தது.

"செலக்ட் ஆயிட்டேன்!" பூமிகா படியில் ஓடி வந்தாள். ஒரு கை கைப்பிடியில், சாம்பல் ஒயரை உரசிக்கொண்டு. "அத்தை! நைனா! திங்கக்கிழமையே சேரச் சொல்லிட்டாங்க!" கணவனைப் பார்த்ததும் முகம் இன்னும் மலர்ந்தது. "வந்துட்டியா? கேட்டியா?"

பாதிப் படியில் அவள் கால் மெல்ல நின்றது. திறந்து கிடந்த பிளேட்களைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தணிகைவேலின் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

தணிகைவேல் எழுந்திருக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"ரொம்ப சந்தோசம் பூமிகா," என்றான். "அந்த அலமாரி கதவு இப்ப சரியா மூடுதா?"